பேட்டரியோடு சோலார்: கணக்கை இரவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "வீடு, பின்னால் ஒரு சிறிய பட்டறை, ஒன்றரை எச்.பி. ஆழ்துளைக் கிணற்று மோட்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 18 யூனிட் செலவாகிறது. 10 கிலோவாட் பேனலும் 10 கிலோவாட் பேட்டரியும் போடச் சொல்கிறார்கள். இது சரியான அளவா?"

முதலில் அந்த "10 கிலோவாட் பேட்டரி" என்ற சொல்லைப் பார்ப்போம். பேட்டரிக்கு இரண்டு எண்கள் வேண்டும். எத்தனை யூனிட் தேக்கி வைக்கும் என்பது ஒன்று. அதிலிருந்து ஒரே சமயத்தில் எத்தனை கிலோவாட் எடுக்கலாம் என்பது இன்னொன்று. யூனிட் என்று நாம் சொல்வது கிலோவாட் மணி. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் சுமார் 5 யூனிட் இருக்கும். ஆனால் அதன் தயாரிப்பாளர் தொடர்ந்து 50 ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று எழுதியிருந்தால், அது தரக்கூடியது இரண்டரை கிலோவாட் மட்டுமே. மோட்டாரும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது பேட்டரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தும் அணைந்து போவது இதனால்தான். உங்களிடம் சொன்னவர் 10 யூனிட்டைச் சொல்கிறாரா, 10 கிலோவாட்டைச் சொல்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, எதற்காகப் போடுகிறீர்கள்? மின்வெட்டின்போது வீடு நிற்காமல் ஓட வேண்டுமா, மாதக் கட்டணம் குறைய வேண்டுமா, இல்லை கிரிட்டே (மின்வாரிய லைனே) வேண்டாம் என்று பிரிந்து வாழப் போகிறீர்களா? மூன்றும் மூன்று வெவ்வேறு அமைப்புகள். நீங்கள் கிரிட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு முழு யூனிட் திரும்பக் கிடைக்கும் விதி இருக்கும் இடமானால், கட்டணம் குறைக்க பேட்டரி உதவாது. கிரிட்டே உங்கள் பேட்டரி போல நடந்துகொள்ளும். அனுப்பும் யூனிட்டுக்கு மிகக் குறைவாகத் தரும் இடத்திலும், மாலை நேரக் கட்டணம் அதிகமாக உள்ள இடத்திலும்தான் அது தன் விலையை மெல்ல மெல்லத் திருப்பித் தரும். மின்வெட்டுக்காக என்றால் லாப நஷ்டக் கணக்கே வேறு. கிரிட் இல்லாமல் வாழ்வது என்றால், தொடர்ந்து மூன்று நாள் மேகம் மூடினால் என்ன செய்வோம் என்பதிலிருந்து யோசிக்க வேண்டும். அந்த மூன்றாம் நாளுக்காகப் பேட்டரி வாங்குவதை விட ஒரு சிறிய ஜெனரேட்டரை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் பலர் ஏமாந்து போகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூரை நிறைய பேனல் இருந்தாலும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றி, கிரிட்டோடு சேர்ந்தே ஓடும் சாதாரண கிரிட்-டை இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக, அது அப்படித்தான் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வெயில் கொளுத்தும் நண்பகலிலும் வீடு இருண்டுதான் கிடக்கும். மின்வெட்டில் ஓட வேண்டுமென்றால், கிரிட்டிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு தனியாக ஓடத் தெரிந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதோடு பேட்டரி வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். பெரும்பாலானோர் கூரையை அளந்து, எத்தனை பேனல் கொள்ளும் என்று பார்த்து, மிச்சத்தைப் பின்னால் பொருத்துகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் இரவு. இரவுதான் பேட்டரியைத் தீர்மானிக்கிறது. அந்தப் பேட்டரியும் பகல் செலவும் ஆண்டின் மோசமான மாதமும் சேர்ந்து பேனலைத் தீர்மானிக்கும். கூரை கடைசியில்தான் வர வேண்டும்.

இரவை அளப்பது கடினமல்ல. மாலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், காலை ஏழு மணிக்கு மறுபடி குறியுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தால் போதும். அப்புறம் ஒரு இரவு, எல்லோரும் படுத்த பிறகு, கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். என் மீட்டரில் 3200. அப்படியானால் 1125ஐ இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட வினாடியால் வகுத்தால் அந்த நிமிடத்து வாட் வந்துவிடும். நான் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் எண்ணினேன். எட்டு வினாடிக்கு ஒன்று. அதாவது எல்லாம் அணைந்த வீட்டில் 140 வாட் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில் பட்டறையில் சுவிட்ச் போட்டபடியே விட்டிருந்த பழைய சார்ஜர், உறங்கும் நிலையில் இருந்த ஒரு கணினி, யாரும் கேட்காத ஸ்பீக்கர் பெட்டி. அவற்றைப் பிடுங்கியதும் மின்னல் 25 வினாடிக்கு ஒன்றாகக் குறைந்தது, 45 வாட். மிச்சமான 95 வாட்டை 13 மணி நேர இரவுக்குப் பெருக்கினால் ஒன்றேகால் யூனிட். பின்னால் சொல்லப்போகும் இழப்புகளைச் சேர்த்தால், ஏறத்தாழ 2 யூனிட் பேட்டரியை வாங்காமலே சேமித்தேன்.

உங்கள் வீட்டின் இரவு எப்படி இருக்கும் என்று ஓர் ஊகம் போடுகிறேன். நீங்கள் அளந்து திருத்திக்கொள்ளுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் மின்விசிறி நான்கு, ஒன்பது மணி நேரம்: 1.1 யூனிட். பத்து எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம்: 0.45. குளிர்சாதனப் பெட்டி 0.6. டிவி, கணினி, ரவுட்டர் எல்லாம் சேர்த்து 0.6. ஏசி சராசரி 600 வாட் வீதம் ஏழு மணி நேரம்: 4.2. இவற்றோடு யாரும் எழுதாத ஒன்று: இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்காகவே 50 வாட் போலத் தின்னும், அது 0.65. கூட்டினால் 7.6 யூனிட். ஏசியை எடுத்துவிட்டால் 3.4 மட்டுமே. இரவில் ஏசி பேட்டரியில் ஓட வேண்டுமா என்ற ஒரே கேள்விதான் உங்கள் பேட்டரியை இரண்டு மடங்குக்கும் மேலே கொண்டுபோகிறது. இந்த முடிவை விற்பவர் எடுக்கக் கூடாது, வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும்.

இப்போது 7.6 யூனிட்டைப் பேட்டரியாக மாற்றுவோம். பேட்டரியின் நேர் மின்சாரத்தை (டிசி) வீட்டுக்கான மாறு மின்சாரமாக (இதையும் ஏசி என்பார்கள்) மாற்றும்போது எட்டு சதவீதம் போகும் என்று வைத்தால் 8.3. பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக் கூடாது, 15 சதவீதம் விட்டுவைப்போம்: 9.7. பத்தாண்டு கழித்து அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், அன்றைக்கும் இரவு விடிய வேண்டும் என்றால் 12 யூனிட். ஏசி இல்லாத இரவுக்கு இதே கணக்கு 5.4 யூனிட் தருகிறது. உங்களுக்குச் சொன்ன 10, யூனிட்டாகவே இருந்தாலும், முதல் வழிக்குச் சில ஆண்டுகளில் போதாமல் போகும். இரண்டாம் வழிக்கு இரண்டு மடங்கு அதிகம். எந்த இரவையும் பார்க்காமல் சொன்ன எண் அது.

பேட்டரிக்குப் போக வேண்டாதவற்றையும் இப்போதே பிரித்துவிடுங்கள். வெந்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 3.5 யூனிட் வேண்டும். ஏசி இல்லாத முழு இரவுக்கும் ஆகிற மின்சாரத்தை விட அது அதிகம். அதைப் பகலில் பேனல் நிறையத் தரும் நேரத்தில் சூடாக்கி, வெப்பம் போகாத தொட்டியில் வைத்துக்கொண்டால் பேட்டரி அதைத் தொடவே வேண்டாம். கிணற்று மோட்டாரும் அப்படித்தான். மேல்நிலைத் தொட்டி ஏற்கெனவே நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஒரு சேமிப்பு, நண்பகலில் நிரப்புங்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே மட்டும் ஓடும்படி ஒரு டைமர் போதும்.

மோட்டாரில் யூனிட் பெரிய விஷயமல்ல, தொடக்கம்தான் விஷயம். ஒரு எச்.பி. என்பது 746 வாட்; உங்கள் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1.6 கிலோவாட் எடுக்கும். ஆனால் நேரடியாக ஸ்டார்ட் செய்யும் நொடியில் அதன் மின்னோட்டம் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எகிறும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் அந்த ஒரு நொடியைத் தாங்காமல் மொத்த வீட்டையும் அணைத்துவிடலாம். இதற்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதை விட, வேகத்தை மெல்ல ஏற்றும் விஎஃப்டி டிரைவ் ஒன்றை மோட்டாருக்குப் போடுவது நல்லது. உங்களுடையது சிங்கிள் ஃபேஸ் மோட்டாரா, மூன்று ஃபேஸா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதா எனக் கேட்டு வாங்குங்கள். கண்டன்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குச் சில டிரைவ்கள்தான் பொருந்தும். பட்டறையில் வெல்டிங் மெஷின் இருந்தால் அதை பேக்கப் பக்கம், அதாவது மின்வெட்டிலும் ஓடும் பக்கம், சேர்க்கவே வேண்டாம்.

அப்புறம் பேனல். ஒரு கிலோவாட் பேனல் எல்லா நேரமும் ஒரு கிலோவாட் தராது. அந்த எண், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் செல்லின் சூடு 25 டிகிரியும் இருக்கும் ஆய்வக நிலைக்கானது. கூரையில் வெயிலில் கிடக்கும் பேனல் எளிதில் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல இழந்தால் சூட்டிலேயே 12 சதவீதம் போய்விட்டது. தூசி, வயர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 77 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

வெயிலின் அளவை ஊகிக்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் தரும் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் உருவாக்கிய பிவிவாட்ஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் ஆகிய மூன்றும் இலவசம். உங்கள் இடத்தை வரைபடத்தில் குத்தினால் போதும். முதல் இரண்டில் மாதவாரியாக என்ன கிடைக்கும் என்று வரும். ஆண்டுச் சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைவான மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத்தில் ஒரு நாளுக்கு 3.8 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி வருகிறது என்று வையுங்கள். ஒரு கிலோவாட் பேனல் அன்றைக்கு 3.8 பெருக்கல் 0.77, அதாவது 2.93 யூனிட் தரும். உங்கள் 18 யூனிட்டில் பகல் 10.4, இரவு 7.6 பேட்டரி வழியாகப் போய் வருவதால் அதற்கு 9 யூனிட் உற்பத்தி செய்ய வேண்டும். மொத்தம் 19.4ஐ 2.93ஆல் வகுத்தால் 6.6 கிலோவாட். 550 வாட் பேனல் சரியாகப் பன்னிரண்டு. ஒன்று 2.6 சதுர மீட்டர், ஏறக்குறைய 28 கிலோ. ஆக 31 சதுர மீட்டரும், நடப்பதற்கு வழியும் வேண்டும். மின்சாரக் கார் வாங்கும் எண்ணமோ, மிச்சத்தை நல்ல விலைக்கு விற்கும் வசதியோ இருந்தால் 10 கிலோவாட் தவறல்ல. இல்லையென்றால் அந்த மூன்றரை கிலோவாட்டின் பணத்தைப் பேட்டரியிலும் நல்ல வயரிங்கிலும் போடுங்கள்.

திசை, சாய்வு பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பூமத்திய ரேகையை நோக்கி, உங்கள் அட்சரேகைக்கு அருகான கோணத்தில் வைத்தால் போதும். ஐந்து டிகிரி கூடக் குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் 10 டிகிரியாவது சாய்க்க வேண்டும், மழை தூசியை வழித்துக்கொண்டு போக. நிழல்தான் உண்மையான எதிரி. ஒரு பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டவை. ஒரு செல் இருண்டால் அந்த வரிசையின் ஓட்டமே இறுகும். பைபாஸ் டயோடு அந்தப் பகுதியைத் தாண்டி விடும், ஆனால் வழக்கமாகப் பேனலின் மூன்றில் ஒரு பங்கை இழந்துதான். தண்ணீர்த் தொட்டியின் நிழல், ஆன்டெனா கம்பியின் நிழல் எங்கே விழுகிறது என்று காலை, நண்பகல், மாலை மூன்று நேரமும் படம் எடுத்து வையுங்கள். சூரியன் தாழ்ந்து போகும் பருவத்தில் அந்த நிழல் இன்னும் நீளும். பேனல்களைத் தாங்கும் சட்டம் எடைக்காக மட்டும் கட்டப்படுவதல்ல. காற்று அடியில் புகுந்து மேலே தூக்குவதற்கு எதிராகவும் கட்டப்பட வேண்டும்.

பேனல்களைக் கோர்ப்பதில் ஒரு தவறு இன்வெர்ட்டரையே கொன்றுவிடும். 550 வாட் பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதோடும் இணைக்காதபோது இருக்கும் வோல்டேஜ், 50 போல இருக்கும். பத்தைக் கோர்த்தால் 500. இன்வெர்ட்டரும் 500 வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது, சரிதானே என்று தோன்றும். ஆனால் குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் போல. செல் 5 டிகிரியில் கிடக்கும் ஒரு தெளிவான குளிர்காலைப் பொழுதில் அதே பத்து பேனல் 527 வோல்ட் தரும். முதல் வெளிச்சத்தில் இன்வெர்ட்டர் போய்விடும், உத்தரவாதமும் செல்லாது. உங்கள் பன்னிரண்டை ஆறு ஆறாக இரண்டு ஸ்ட்ரிங் (கோர்த்த வரிசை) போட்டால் 300 வோல்ட், நிம்மதி.

டிசி பக்கத்தில் மரியாதையோடு வேலை செய்ய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரம் ஒரு வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யம் இல்லை. பொறி எழுந்தால் பிடித்துக்கொண்டே நிற்கும். ஆகவே டிசிக்கென்றே செய்த ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), டிசிக்கென்றே செய்த பிரேக்கர் மட்டும். பேனல் இணைப்பான்களில் ஒரு நிறுவனத்தின் ஆண் முனையையும் இன்னொரு நிறுவனத்தின் பெண் முனையையும் மாட்ட விடாதீர்கள். பொருந்துவது போல இருக்கும், உள்ளே சரியாகத் தொடாது.

பேட்டரி கேபிள் இன்னும் முக்கியம். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. என் வீட்டில் முதலில் பொருத்தியவர்கள் ஒரு லக்கை (கேபிள் நுனியின் உலோக வளையத்தை) கையால் இறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாம் மாதம் ஒரு மாலை, பிளாஸ்டிக் வேகும் வாசனை. மூடியைத் திறந்தால் அந்த ஒரு முனையின் சிவப்பு உறை பழுப்பாகி, லக்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. கணக்கு எளிது: தளர்ந்த இணைப்பில் 5 மில்லிஓம் தடை இருந்தால்கூட 100 ஆம்பியருக்கு அங்கே 50 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னை அங்கேயே வைத்தது போல. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து முழு லோடில் தொடாமல் வெப்பமானியால் பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அதை உடைக்கக்கூடிய டி வகை ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

பேக்கப் வயரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. மின்வெட்டில் ஓட வேண்டியவற்றைத் தனிப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். லைனை மட்டும் பிரித்தால் போதாது. நியூட்ரலும் பிரிய வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருக்கும், அது, மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் ஆர்சிடி சுவிட்சைக் காரணமில்லாமல் தட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கிரிட் இருக்கும்போது பெரும்பாலான இடங்களில் நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். இன்வெர்ட்டர் கிரிட்டை முழுதாகத் துண்டித்ததும் அந்தக் கட்டும் போய்விடுகிறது. அப்போது ஒரு சாதனத்தில் எர்த் கசிவு வந்தால் மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை, ஆர்சிடி தட்டாது. நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் பேக்கப்புக்குப் போனதும் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே இருக்கும். சிலவற்றில் அதை அமைப்பில் போய் இயக்க வேண்டும். ஆர்சிடியின் டெஸ்ட் பட்டன் தட்டியது, ஆகவே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டன் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சோதிக்கிறதே தவிர எர்த்தைத் தொடுவதில்லை. கட்டு இல்லாவிட்டாலும் தட்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், இன்வெர்ட்டர் பேக்கப்பில் ஓடும்போதே, எர்த்துக்குக் கசிவு விடும் சோதனைக் கருவியால் பார்க்க வேண்டும்.

பேட்டரி வகையில் என் தேர்வு லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்எஃப்பி. ஈய-அமிலம் விலை குறைவு, ஆனால் பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் சீக்கிரம் சாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். எல்எஃப்பிக்கும் ஒரு குணம் உண்டு: பெரும்பகுதி நேரம் அதன் வோல்டேஜ் தட்டையாகவே இருக்கும். வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஆகவே பேட்டரியின் பிஎம்எஸ்ஸும் (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையும்) இன்வெர்ட்டரும் தகவல் கேபிள் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று ஏற்கும் என்று தயாரிப்பாளர் பட்டியலிலேயே இருக்க வேண்டும். உறைபனிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். அத்தகைய இடங்களில் சூடாக்கி உள்ள மாதிரி வேண்டும். வைக்கும் இடம் வெயில் படாததாக, படுக்கையறையாகவோ வெளியேறும் வழியாகவோ இல்லாததாக இருக்கட்டும்.

விலை கேட்கும்போது இந்தக் கணக்குத் தாளைக் கொடுத்துக் கேளுங்கள். பேட்டரி உத்தரவாதத்தில் ஆண்டோடு, மொத்தம் எத்தனை யூனிட் அதன் வழியாகப் போகலாம் என்ற வரம்பும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் செல்லும். முழு இணைப்பையும் காட்டும் ஒற்றை வரி வரைபடம், ஸ்ட்ரிங் வோல்டேஜ் கணக்கு, ஃபியூஸ் அளவுகள், இன்வெர்ட்டர் அமைப்பின் கடவுச்சொல் ஆகியவை உங்கள் கைக்கு வர வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பொருத்தியவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு மாலை மெயினை இறக்குங்கள். ஏசி, குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள் எல்லாம் ஓடட்டும். பிறகு அவரை அனுப்பிவிட்டு, மெயினை ஏற்றாமலே படுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, இந்தத் தாளில் போட்ட இரவுக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.